எந்தப் பெயரில் தொழில் செய்வது?
ஒப்பந்த வேலை செய்யும் அன்பர்களுக்குச் சில வரிக் கணக்குகள்

நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் என்னைத் தனியே அழைத்துக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ஒன்று, வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் உறுதியாகுமா என்பது. நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் இந்தக் கேள்வி ஓயவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. மற்றொன்று, சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற அன்பர்கள் கேட்பது: "சார், கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டால் வரி குறையுமாமே?" இதற்கு ஓரளவு பதில் சொல்லமுடியும். காரணம், இந்த விஷயத்தில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன்.

நான் ஆடிட்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு 1984இல் ரயில்வேயில் சேர்ந்து, இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ் என்ற பழைய பெயரிலும் செக்ஷன் என்ஜினீயர் என்ற புதிய பெயரிலும் கட்டட வேலை, பாலவேலைகளைப் பார்த்து, 2021இல் வீட்டுக்கு வந்தவன். அத்தனை வருஷமும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒப்பந்தக்காரர்களின் பில்லைச் சரிபார்த்தேன். அவர்கள் கையில் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அந்தப் பக்கத்து நாற்காலி எப்படிக் குத்தும் என்று தெரிந்தது.

ஓய்வு பெற்ற கையோடு நானும் என்னுடன் வேலை பார்த்த இரு நண்பர்களும் சேர்ந்து எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது, அளவெடுப்பது, பில் தயாரிப்பது என்று ஆலோசனைத் தொழில் தொடங்கினோம். பெயர்ப் பலகையில் எல்.எல்.பி. என்று இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். பொறுப்பு வரையறுக்கப்பட்ட பங்காண்மை என்று அதற்குத் தமிழ். எங்களுக்கு யாரிடமும் கடன் கிடையாது, ஆட்கள் கிடையாது, எந்தப் பொறுப்பை வரையறுக்கப் போகிறோம் என்று மூவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. யாரோ செய்து வைத்திருந்த ஒப்பந்த மாதிரியை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டோம்.

முதல் வருஷம், 2021-22இல், 15 லட்சம் வந்தது. செலவு 3 லட்சம். மிச்சம் 12 லட்சத்தில் பெரும்பகுதியை மூவரும் மாதாமாதம் சம்பளம்போல் எடுத்துக்கொண்டோம். கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் ஆடிட்டர் எங்கள் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பங்காளிகளுக்குச் சம்பளம் உண்டு என்று அதில் ஒரு வரி இல்லை. எல்.எல்.பி. சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் பங்காளிக்கு ஊதியம் கிடையாது. வருமான வரிச் சட்டமும் பத்திரம் அனுமதிக்காத ஊதியத்தைச் செலவாக ஏற்பதில்லை. ஆகவே 12 லட்சம் முழுவதும் லாபம். முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஆக 3,74,400 ரூபாய். தலைக்கு 1,24,800.

அந்த ஒரு வரி பத்திரத்தில் இருந்திருந்தால், அன்றைய வரம்பின்படி 8,10,000 ரூபாய் ஊதியமாகக் கழிந்து, மிச்சம் 3,90,000க்கு 1,21,680 ரூபாயோடு நிறுவனத்தின் வரி முடிந்திருக்கும்; ஊதியத்துக்கு அவரவர் தனியே கட்டியிருப்போம். எல்.எல்.பி.யே இல்லாமல் மூவரும் தனித்தனியே ஆளுக்கு 5 லட்சம் பில் போட்டிருந்தால் இன்னும் எளிது. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களுக்கு வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. ஆளுக்கு இரண்டரை லட்சம் பென்ஷனோடு சேரும். 20 சதவீதப் படியில் இருப்பவருக்குக்கூட 52,000 ரூபாய்தான். அந்தப் பிரிவு எல்.எல்.பி.க்குக் கிடையாது. மதிப்பான பெயர்ப் பலகைக்கு நாங்கள் கொடுத்த விலை அது. ஊருக்கெல்லாம் எஸ்டிமேட் போட்டவர்கள் சொந்த எஸ்டிமேட்டில் கோட்டைவிட்டோம் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

இதைச் சொல்லிவிட்டால், என் மைத்துனர் மகன் என்னிடம் ஏன் வந்தான் என்பது விளங்கும். கரமனையில் இருக்கிறான். பத்து வருஷமாகச் சின்ன கட்டட வேலைகளை எடுத்துச் செய்கிறான்: குவார்ட்டர்ஸ் பழுதுபார்ப்பு, பெயிண்ட், டைல்ஸ், சுற்றுச்சுவர், நடுவே ஒன்றிரண்டு வீடுகள். தம்பி ஒருவன் அவனோடு சைட்டில் நிற்கிறான். அப்பா இல்லை.

"மாமா, கம்பெனியாட்டு மாத்திப்போடலாம்னு கூட்டுக்காரன் ஒருத்தன் சொல்லுதான். வரி 22 சதமானம்தானாம். நம்ம ஆளுக்கு 30 இல்லியா?"

"மக்களே, போன வருஷம் நீ எவ்வளவு வரி கட்டினே?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் கட்டல மாமா" என்றான்.

இங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. பூஜ்யம் கட்டுகிறவன் 22 சதவீதத்துக்கு ஆசைப்படுகிறான். நம்மில் பலர் 30 என்ற எண்ணைக் கேட்டே பயந்து, தமக்கு அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்ப்பதில்லை.

அவன் கணக்கு இது. ஜி.எஸ்.டி. நீங்கலாக ஆண்டு வரவு ஒன்றரைக் கோடி, முழுதும் பாங்க் வழியாக. சாமான், கூலி, வண்டி எல்லாம் போக 18 லட்சம் நிற்கிறது; தம்பிக்கு இன்னும் எதுவும் கொடுக்காத நிலையில். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் தனிநபருக்கு முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று படி ஏறி, 24 லட்சத்துக்கு மேல்தான் 30. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்துத் தொழில் வருமானத்துக்கு வரி பூஜ்யம்.

தனிநபராக அவனுக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, ஆடிட்டர்கள் பிரிசம்ப்டிவ் என்று சொல்லும் உத்தேச வருமான முறை, 44ஏடி பிரிவு. வரவு 2 கோடிக்குள், அல்லது ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாதிருந்தால் 3 கோடிக்குள் இருப்பவர், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் பாங்க் வழி வந்ததில் 6 சதவீதமும் வருமானம் என்று காட்டலாம். கணக்குப் புத்தகம் கேட்கமாட்டார்கள். அவனுக்கு 6 சதவீதம் 9 லட்சம், வரி இல்லை. இதைத்தான் இத்தனை நாளும் செய்துவந்தான். ஆனால் சட்டத்தின் வாசகம் 6 சதவீதம் "அல்லது அதற்கு மேல் ஈட்டியதாகச் சொல்லும் தொகை" என்ற பொருளில் இருக்கிறது. 18 லட்சம் மிஞ்சியது தெரிந்தே 9 லட்சம் எழுதுவது எனக்கு உவப்பில்லை. என் உவப்பு கிடக்கட்டும். 9 லட்சம் காட்டியவர் அதே வருஷம் 15 லட்சத்துக்கு மனை வாங்கினால் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பாங்க்காரர் கடன் கொடுக்கும்போதும் அதே 9 லட்சத்தைத்தான் பார்ப்பார். இம்முறைக்குள் வந்துவிட்டு அடுத்த ஐந்து வருஷத்துக்குள் குறைந்த வருமானம் காட்டி வெளியேறினால், அதற்கப்புறம் ஐந்து வருஷம் உள்ளே வரமுடியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இரண்டாவது வழி, கணக்கு எழுதி 18 லட்சத்தையும் காட்டுவது. வரி 1,60,000, செஸ்ஸோடு 1,66,400.

மூன்றாவது வழியை அவன் யோசித்ததே இல்லை. தம்பி காலை ஏழு மணிக்குச் சைட்டுக்குப் போய் இருட்டின பிறகு திரும்புகிறான். அவனுக்குச் செலவுக்கு அவ்வப்போது ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்து வந்திருக்கிறான் அண்ணன். முறையாகப் பாங்க்கில் மாதச் சம்பளம், வருஷத்துக்கு 8 லட்சம் கொடுத்துக் கணக்கில் எழுதினால் அது செலவு. சகோதரனுக்குக் கொடுப்பது வேலைக்குத் தகுந்த அளவாக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கும். வேலை நிஜமாக இருக்கும்போது பயமில்லை. அண்ணனுக்கு 10 லட்சம் வருமானம், வரி இல்லை. தம்பிக்குச் சம்பளத்தில் 75,000 நிலைக்கழிவும் உண்டு, வரி இல்லை. 10 லட்சம் என்பது வரவில் 6 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் உத்தேச முறையோடும் மோதல் இல்லை. ஒளிக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதி பூஜ்யம். "இது இவ்வளவு லேசா மாமா?" என்றான். தம்பிக்குச் சம்பளம் கொடுப்பது லேசான காரியமா என்று அவன் மனசைத்தான் கேட்கவேண்டும்.

இனி மற்ற வடிவங்கள்.

இரு சகோதரரும் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நிறுவனம், அதாவது பார்ட்னர்ஷிப் வைத்தால்? நிறுவனத்துக்குப் படிகள் கிடையாது. முதல் ரூபாய்க்கே 30, செஸ்ஸோடு 31.2 சதவீதம். ஆனால் உழைக்கும் பங்காளிகளின் ஊதியத்தைக் கழிக்கலாம். 2024-25 முதல் இருக்கும் வரம்பு: முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது, மீதியில் 60 சதவீதம். 18 லட்சத்துக்கு 12,60,000 ரூபாய் ஊதியம். மிச்சம் 5,40,000க்கு வரி 1,68,480. பங்காளிகளுக்கு ஆளுக்கு 6,30,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் அவர்களுக்கு வரி இல்லை. தனிநபராகக் கணக்கு எழுதிக் கட்டும் 1,66,400க்கும் இதற்கும் வித்தியாசம் 2,080 ரூபாய்! இருவரும் சேர்ந்து 20 லட்சம் மூலதனம் போட்டு 12 சதவீத வட்டி எடுக்கப் பத்திரம் அனுமதித்தால் அந்த 2,40,000 முதலில் கழியும். நிறுவனத்தின் வரி 1,38,528 ஆக இறங்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கூட்டு நிறுவனமும் உத்தேச முறையில் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. "அப்போ 9 லட்சம்தானே மாமா?" என்றான். ஆமாம், ஆனால் அந்த 9 லட்சத்திலிருந்து பங்காளி ஊதியத்தையோ வட்டியையோ கழிக்கமுடியாது. 9 லட்சத்துக்கு 31.2 சதவீதம் 2,80,800. தனிநபருக்குச் சர்க்கரையாக இருக்கும் அதே பிரிவு நிறுவனத்துக்கு வேப்பங்காய். 2025 ஏப்ரல் முதல் பங்காளியின் ஊதியமும் வட்டியும் வருஷத்தில் 20,000ஐத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டவேண்டும்; அது பிற்பாடு திரும்பி வரும் பணம்தான் என்றாலும் மாதாமாதம் ஒரு வேலை.

எல்.எல்.பி.யின் வரிக் கணக்கு கூட்டு நிறுவனத்தைப் போன்றதே, உத்தேச முறை மட்டும் கிடையாது. அதில் பங்காளியின் வீடும் நிலமும் தொழில் கடனிலிருந்து தப்பும் என்பது உண்மை. ஆனால் சின்ன ஒப்பந்தக்காரருக்கு ஓவர்டிராஃப்ட் கொடுக்கும் எந்த பாங்க்கும் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்காமல் விடுவதில்லை. வருஷத்துக்கு இரண்டு படிவங்கள், மே 30க்குள் ஒன்று, அக்டோபர் 30க்குள் ஒன்று, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் போடவேண்டும். எங்கள் எல்.எல்.பி.யை மூடுவதற்கு, திறந்ததைவிட அதிகக் காகிதம் செலவாயிற்று.

கம்பெனிக்கு வருவோம். கூட்டுக்காரன் சொன்ன 22 சதவீதம் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 ஆகிறது. அதற்கென்று 10-ஐசி என்ற படிவத்தைக் கெடுவுக்குள் போடவேண்டும். 18 லட்சத்தில் அவன் டைரக்டர் சம்பளமாக 12,75,000 எடுத்தால் நிலைக்கழிவு போக அவனுக்கு வரி இல்லை. கம்பெனியில் நிற்கும் 5,25,000க்கு 1,32,132. இதுவரை கூட்டு நிறுவனத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த மிச்சப் பணம் கம்பெனியுடையது. வீட்டுக்கு எடுக்க டிவிடெண்ட் அறிவிக்கவேண்டும். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு வாங்குகிறவர் கையில் வரி. சம்பளம் 12,75,000 எடுத்தவன் கையில் அது விழுந்தால் 12 லட்ச வரம்பே உடைந்துவிடும். வரவு எவ்வளவாக இருந்தாலும் ஆடிட் கட்டாயம். கம்பெனிப் பதிவாளருக்குப் போடவேண்டிய ஆண்டுப் படிவம் தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். கட்டட வேலைக்காரன் மழைக்காலத்தில் படிவத்தை மறப்பது நாம் அறியாததா?

கம்பெனி எப்போது வெல்லும் என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். லாபம் 60 லட்சம் என்று வையுங்கள். தனிநபருக்கு 50 லட்சத்துக்கு மேல் 10 சதவீத சர்சார்ஜும் ஏறி, எல்லாம் சேர்த்து 15,78,720 ரூபாய். கம்பெனியில் 12,75,000 சம்பளம் எடுத்து, மீதியை எடுக்காமல் ஜே.சி.பி.யும் மிக்ஸரும் ஷட்டரிங் சாமானும் வாங்குகிறவருக்கு 11,89,188. கிட்டத்தட்ட 3,90,000 ரூபாய் வித்தியாசம். அதுவும் பணம் உள்ளேயே தங்கினால்தான். "உனக்கு 60 லட்சம் மிஞ்சட்டும், நானே வந்து கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.

மனைவியை டைரக்டராக்கிச் சம்பளம் கொடுக்கலாமே என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். அவனும் கேட்டான். கணவனுக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ உரிமையுள்ள தொழிலில் மனைவி வாங்கும் சம்பளம், அவளுக்குரிய தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதியால் ஈட்டியதாக இல்லாவிட்டால், கணவன் வருமானத்தோடு சேர்க்கப்படும். படித்த சிவில் என்ஜினீயர் மனைவி டிராயிங் போட்டால் சரி. பெயருக்குச் சம்பளம் என்றால் காரியம் ஆகாது.

சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் எச்.யு.எஃப். என்று இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பேரில் தனியாக ஒரு பான் எண் வைத்து வரி மிச்சம் பிடிப்பதைப் பார்த்து நாமும் ஆசைப்படுகிறோம். இங்கே கேரளத்தில் 1975ஆம் ஆண்டு கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அந்த அமைப்பையே கலைத்துவிட்டது. அந்தச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் 2005இல் திருத்தப்பட்ட மத்திய வாரிசுச் சட்டத்தோடு முரண்படுகின்றன என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அது பெண் மக்களின் சொத்துப் பங்கு பற்றிய வழக்கு. அதை நம்பி இங்கே ஒரு எச்.யு.எஃப். தொடங்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஊர் தமிழ்நாடு, வாசம் திருவனந்தபுரம் என்று இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்யவும்.

கேரளத்தில் இருந்துகொண்டு இன்னொரு வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் குறை. வடகரைப் பக்கத்தில் 1925இல், வாக்படானந்தரின் சீர்திருத்தக் கொள்கையால் ஈர்க்கப்பட்ட 14 பேர் வேலை கிடைக்காத நிலையில் தாங்களே ஒப்பந்தம் எடுக்கச் சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்று பெரிய சாலைகளும் பாலங்களும் போடும் ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களின் உழைப்பைக் கூட்டாகப் பயன்படுத்தி வரும் லாபத்துக்கு 80பி பிரிவில் முழுக் கழிவு உண்டு. நிபந்தனை, உழைப்பைத் தரும் உறுப்பினர்கள், கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்கள், மாநில அரசு ஆகியோருக்கு மட்டுமே வோட்டு இருக்கவேண்டும் என்பது. முதலாளி என்று ஒருவர் இல்லாததால் கிடைக்கும் சலுகை அது. பத்து மேசன்கள் கூடி இப்படிச் செய்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். அண்ணன் தம்பி இருவருக்கு அது பொருந்தாது.

டி.டி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்த பில்லில் தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஒன்றரைக் கோடிக்கு 1,50,000க்கும் 3,00,000க்கும் உள்ள வித்தியாசம். ரிஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் சிமெண்ட் வாங்க உதவாது. ஜி.எஸ்.டி.யோ எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் ஒன்றுதான்: சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு. ரயில்வே ஒப்பந்த வேலைக்கு 12 ஆக இருந்தது 2022 ஜூலை முதல் 18 சதவீதம். கரமனை டாக்ஸ் டவருக்குப் போய் வடிவத்தைக் காட்டிச் சலுகை கேட்கமுடியாது.

இத்தனையும் எழுதி முடித்தபோது என் பழைய எஸ்டிமேட் தாளின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. தம்பிக்குச் சம்பளம் கொடுத்துத் தனிநபராகவே இருப்பதுதான் வரியில் மலிவு. அவனும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். நான்தான் உட்காரச் சொன்னேன்.

1990களின் நடுவில் எனக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். எந்தத் துறையின் வேலை என்பது இங்கே தேவையில்லை. கறுத்து உயர்ந்த மனிதர். செங்கல்லைத் தட்டிப் பார்த்தே வெந்தது வேகாததைச் சொல்வார். எல்லாம் அவர் ஒருவர் பேரில். வேலை பாதியில் நிற்கும்போது ஒரு காலையில் நெஞ்சுவலி, மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மூத்த பையன் நாலு வருஷமாக அப்பாவோடு சைட்டில் நின்றவன். அந்த வேலையை அவனால் கண்ணை மூடிக்கொண்டு முடித்திருக்கமுடியும். ஆனால் ஒப்பந்தம் அவன் பேரில் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வந்து கடைசி பில்லும் டெபாசிட்டும் கைக்குக் கிடைக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைவிட மோசம், அப்பா இருபது வருஷம் சேர்த்த வேலைச் சான்றிதழ்கள் அப்பாவோடு போயின. பையன் டெண்டர் போடப் போனால், "உங்கள் பேரில் என்ன வேலை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் தவறில்லை, விதி அது. அவன் பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டான்.

நான் இதைச் சொன்னதும் என் மைத்துனர் மகன் வெகுநேரம் பேசவில்லை. தினமும் நெய்யாற்றின்கரைக்கும் கழக்கூட்டத்துக்கும் இடையே பைக்கில் ஓடுகிறவன் அவன்.

"அப்போ தம்பியும் என்னைப் போல ஒரு ஆளாட்டு இருக்கணும்" என்றான் கடைசியில்.

ஆகவே கூட்டு நிறுவனம் என்று முடிவாயிற்று. வருஷத்துக்குச் சுமார் 1,40,000 ரூபாய் வரி கூடுதல் என்று தெரிந்தே எடுத்த முடிவு. ஆடிட்டர் பார்த்த கணக்குகள் மூன்று வருஷம் கையில் இருந்தால் பெரிய டெண்டரில் ஆண்டு வரவைக் காட்டவும் உதவும். ஒரு நபர் கம்பெனி வைத்து நாமினியாகத் தம்பியைப் போடலாமே என்று ஆடிட்டர் கேட்டார். அதுவும் நல்ல வழிதான், ஆனால் தம்பி அதில் உடைமையாளனாக இல்லை, காத்திருப்பவனாகத்தான் இருப்பான்.

பத்திரத்தை இம்முறை நானே வரிவரியாகப் படித்தேன். உழைக்கும் பங்காளிகள் யார், ஊதியம் சட்ட வரம்பின்படி எப்படிக் கணக்கிடப்படும், மூலதனத்துக்கு 12 சதவீத வட்டி, மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒரு பங்காளி இறந்தால் நிறுவனம் கலையும் என்பது பொதுவிதி. கலையாது, மற்றவர்கள் தொடர்வார்கள் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் பங்காளிகள் இருவர் மட்டும் என்றால் அப்படி எழுதியும் பிரயோஜனமில்லை, ஒருவர் போனபின் கூட்டு ஏது? அதனால் அவன் மனைவியைத் தன் சொந்தப் பணத்தோடு 10 சதவீதப் பங்குக்கு மூன்றாவது பங்காளியாகச் சேர்த்தோம். அவளுக்கு ஊதியம் கிடையாது, லாபப் பங்கு மட்டும். நிறுவனம் வரி கட்டிய பிறகு வரும் அந்தப் பங்குக்குப் பங்காளி கையில் வரி இல்லை. நிறுவனத்தைப் பதிவும் செய்யச் சொன்னேன். பதிவில்லாத நிறுவனம் பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போடமுடியாது.

ஒரு பங்காளி விலகினால் தன் பங்கின் விகிதத்துக்கு வேலை அனுபவத் தகுதியையும் எடுத்துக்கொண்டு போகிறார் என்பது ரயில்வே ஒப்பந்த விதி. அதனால் பங்கு விகிதத்தை யோசித்துத்தான் போடவேண்டும். 55, 35, 10 என்று போட்டார்கள். அவன் தனியாகச் சேர்த்த சான்றிதழ்களில் எவ்வளவு நிறுவனத்துக்குச் சேரும் என்பதை ஒவ்வொரு டெண்டர் ஆவணத்திலும் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சட்டப் பிரிவுகளின் எண்களை 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி சொன்னேன், ஆடிட்டர்கள் வாயில் அவையே பழகியிருப்பதால். 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். அதில் எண்கள் வேறு. ரூபாய்க் கணக்குகள் என் எல்.எல்.பி. கதை நீங்கலாக 2025-26க்கு உரியவை.

நடந்துகொண்டிருக்கும் இரண்டு வேலைகளும் அவன் பேரிலேயே முடியும். பாதி வேலையை நிறுவனத்துக்கு மாற்றமுடியாது. ஒன்று ஒரு சுற்றுச்சுவர், மற்றது எட்டு வீடுகளுக்கு மேல்தளம் ஒழுகாமல் செய்வது. இடவப்பாதி மழைக்கு முன் மேல்தளத்தை முடித்துவிட்டு, புதிய பான் எண்ணில் முதல் டெண்டரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். தம்பியின் பாங்க் கணக்கில் போன மாதம் முதல் சம்பளம் விழுந்தது.